ஆத்திசூடி வரியைக் குச்சியாக்காதீர்கள்

கேள்வி: மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் 24 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். வெறும் டியூஷனாக இல்லாமல், அந்தக் காலத்து முறையில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், குறள் என்று நூல்களை வைத்து, ஒழுக்கத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க ஆசை. பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் 'ஆறுவது சினம்' சொல்லி முடித்த கையோடு வாசலில் செருப்புக்காக அடிதடி. சண்டை போடும்போதே அந்த வரியைச் சொல்லச் சொல்கிறேன், அப்போதும் கேட்பதில்லை. ஒரு பையன் எதற்கெடுத்தாலும் பொய் சொல்கிறான். மூன்று மதப் பிள்ளைகளும் இருப்பதால் சில வரிகளுக்குப் பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். இன்னும் சிலர், "பாட்டாவே பாடிக்கிட்டிருந்தா கணக்கு எப்ப டீச்சர்?" என்கிறார்கள். எங்கே தவறுகிறேன்? — ஒரு வாசகி

பதில்:

வணக்கம் சகோதரி.

போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள்: "சண்டை போடும்போதே அந்த வரியைச் சொல்லச் சொல்கிறேன்." சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மூச்சு வாங்க நிற்கிற ஏழு வயதுப் பையனிடம் "ஆறுவது சினம், சொல்லுடா!" என்றால் அவன் காதில் விழுவது அதட்டல் மட்டும்தான். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் போதும், அந்த வரி திட்டு வாங்கிய ஞாபகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கடுத்து பிள்ளைகளே அதை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிவார்கள்: "டீச்சர், இவன் ஔவியம் பேசுறான்!" உங்கள் வகுப்பில் அந்தக் கட்டம் வந்துவிட்டதா என்று கவனியுங்கள். வந்திருந்தால் அந்த வரியை ஒரு மாதம் ஓதாமல் ஒதுக்கி வையுங்கள்.

சண்டை நேரத்தில் வேலை மட்டும்தான், பேச்சு கூடாது. இருவரையும் பிரித்து, ஒருவனைத் தண்ணீர் குடிக்க அனுப்புங்கள். ஐந்து நிமிடம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து எல்லாச் செருப்பையும் ஜோடி ஜோடியாகச் சுவரோரம் அடுக்கட்டும். அவ்வளவுதான். வரியைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ, யார் பெயரையும் இழுக்காமல் பேசலாம். வாசலில் செருப்புக்குச் சாக்பீஸால் கட்டம் போட்டு எண் எழுதிவிட்டால் பாதிச் சண்டை வராமலே போகும். ஒழுக்கப் பாடம் என்றதும் மனசைத் திருத்தக் கிளம்பிவிடுகிறோம். பல நேரம் இடத்தைத் திருத்தினாலே போதும்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பலர் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். அங்கே ஓதலோடு பிரம்பும் இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. உங்களுடையது பள்ளிக்கூடம் இல்லைதான். அளவுகோல் அதுவாகவே இருக்கட்டும். நீதி வரியைச் சொல்லி ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் குறுக வைப்பதும் இதில்தான் சேரும். திண்ணையிலிருந்து எடுத்துக்கொள்ள நல்லவை நிறைய இருக்கின்றன: மணலில் விரலால் எழுதுவது, வாய்க்கணக்கு, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. இந்த மூன்றாவதைச் சென்னை எழும்பூரில் நடத்திப் பார்த்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் அதைப் பற்றி 1797-இல் இங்கிலாந்தில் நூல் அச்சிட்டார்; அது அங்கே 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வாங்கியது. ஒரே ஒரு எச்சரிக்கை: சட்டாம்பிள்ளையாக நிற்கும் அந்தப் பெரிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை மட்டும் கொடுங்கள், தண்டிக்கும், பெயர் எழுதிக் கொடுக்கும் அதிகாரம் கொடுக்காதீர்கள்.

இனி நூல்களின் வரிசை. ஐந்து வகுப்புக்கும் ஒரே வரியை ஓதவைக்கிறீர்கள் என்று தெரிகிறது. பழைய வரிசையில் ஒரு ஏணி உண்டு. ஆத்திசூடி இரண்டு மூன்று சொல். கொன்றைவேந்தன் நாலு சீர் கொண்ட ஓரடி. மூதுரையும் நல்வழியும் நாலடி வெண்பா. பிள்ளையின் மூச்சும் ஞாபகமும் வளர வளர வரியும் நீள்கிறது. குறள் குட்டையாக இருப்பதால் பலர் அதை ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறார்கள். நீளத்தை வைத்து எடை போடுவதால் வரும் தவறு இது. குறளின் வாக்கிய அமைப்பு இறுக்கமானது. 'கனியிருப்பக் காய்கவர்ந் தற்று' என்பதை ஆறு வயதுப் பிள்ளை பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது. பள்ளிப் புத்தகத்தில் வருகிற குறளை ஓதட்டும், பொருள் கேட்டு நச்சரிக்க வேண்டாம். உங்கள் வகுப்பில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: 1, 2-ஆம் வகுப்புக்கு வருடத்துக்கு 40 ஆத்திசூடி வரி, 3-ஆம் வகுப்புக்குக் கொன்றைவேந்தனில் 25, 4-ஆம் வகுப்புக்கு மூதுரையில் 8 பாட்டு, 5-ஆம் வகுப்புக்கு 20 குறள்.

ஆத்திசூடியில் நூற்றுக்கு மேல் வரி இருக்கிறது. ஏன் 40 என்றால், எல்லா வரியும் எல்லா வயதுக்கும் இல்லை. 'மெல்லி நல்லாள் தோள்சேர்', 'மைவிழியார் மனை அகல்' இரண்டும் சிறு பிள்ளைக்கு எதற்கு? 'தையல் சொல் கேளேல்' என்பதை, ஒரு பெண் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து எட்டு வயதுச் சிறுமி ஓதுவது அபத்தம். கொன்றைவேந்தனில் 'உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு' என்பதும் அப்படித்தான். இவற்றுக்குச் சுற்றி வளைத்து நல்ல பொருள் கண்டுபிடித்துச் சொல்லவேண்டியதில்லை. எடுக்காமல் விடுங்கள், போதும். 'திருமாலுக்கு அடிமை செய்', 'ஆலயம் தொழுவது சாலவும் நன்று', நூல்களின் கடவுள் வாழ்த்து ஆகியவற்றையும் கலப்பு வகுப்பில் ஓதவேண்டாம். முகம் சுளிக்கும் பெற்றோரிடம் வாதாடப் போகாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த 40 வரியை ஒரு தாளில் எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். "இதுதான் டீச்சர் சொல்லிக்கொடுக்கிறது" என்று கண்ணால் பார்த்தால் சந்தேகம் அடங்கும்.

கதைகளிலும் மூன்று மதத்து வீடுகளுக்கும் இடம் இருக்கட்டும். உங்கள் மாவட்டத்துக்கு அந்தக் குறையே இல்லை. கீழக்கரையின் சீதக்காதி வள்ளலை, 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற பேச்சு வழக்கோடு சேர்த்துச் சொல்லலாம்: பரிசு கேட்டு வந்த புலவர், வள்ளல் இறந்துபோன சேதி அறிந்து அடக்கத்தலத்தில் அழ, மோதிரத்தோடு கை வெளியே வந்ததாகச் சொல்லப்படும் கதை. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில், ஆற்றைக் கடந்த சீடர்கள் ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, "ஒருத்தனை ஆறு கொண்டுபோயிட்டுது" என்று அழுகிற பகுதியை மூன்றாம் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்துக் கேட்கும். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததும் இருக்கவே இருக்கிறது.

கதை சொல்வதில் கண்டிப்பான சில விதிகள் உண்டு. ஒரு தடவைதான் சொல்லவேண்டும். மறுபடி சொல்வீர்கள் என்று தெரிந்தால் முதல் தடவை யாரும் காது கொடுக்கமாட்டார்கள். சின்னவர்களுக்கு மூன்று நாலு நிமிடம், பெரியவர்களுக்கு ஆறேழு நிமிடம். முடிந்ததும் ஒரு பிள்ளை திருப்பிச் சொல்லவேண்டும். வயதில் சின்னவர் தொடங்க, நின்ற இடத்திலிருந்து அடுத்தவர் எடுக்கட்டும். நடுவில் திருத்தாதீர்கள். "அப்புறம்?" என்பதைத் தவிர உங்கள் வாயிலிருந்து ஒன்றும் வரக்கூடாது. முடிந்தபின் அதிகமாகப் போனால் இரண்டு பிழை திருத்தலாம். 'இதனால் அறியப்படும் நீதி என்ன?' என்ற கேள்வியைக் கேட்கவே வேண்டாம். அதைக் கேட்ட மாத்திரத்தில் பிள்ளைகள் கதையை மறந்துவிட்டு, டீச்சருக்குப் பிடித்த பதிலைத் தேடத் தொடங்குவார்கள். 4, 5-ஆம் வகுப்பிடம் வேறு மாதிரி கேட்கலாம்: "பாரி தேரைக் கொடுத்தது சரியா? ஒரு கொம்பு நட்டுக் கொடியைப் படரவிட்டிருக்கலாமே?" பதில் எதுவானாலும் 'ஏன்னா' என்று ஒரு காரணம் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஓதும் முறைக்கு வருகிறேன். 24 பேர் கூட்டாகக் கத்தும்போது ஆறேழு பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். கூட்டு ஓதல் இதை மறைத்துவிடும். அதற்கு இரண்டு வழி: கடைசிச் சொல்லை நீங்கள் விழுங்கிவிட்டு ஒருவரைப் பார்ப்பது, இடப்பக்கம் முதல் பாதி, வலப்பக்கம் மறு பாதி சொல்ல வைப்பது. இன்னொரு கெடுதல் ராகம். இழுத்து இழுத்துப் பாடும்போது சொல் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும். 'ஈவது விலக்கேல்' என்பதைக் 'கேள்' என்று முடிக்கிற பிள்ளைகள் உண்டு. முதல் வாரத்திலேயே 'கரவேல் என்றால் மறைக்காதே, இகழேல் என்றால் இகழாதே' என்று பத்து வரியை 'ஆதே' போட்டு மாற்றிச் சொல்லும் விளையாட்டு ஒன்று வையுங்கள். பிறகு ராகத்தை நிறுத்தி, எதிரில் இருக்கும் தம்பிக்குச் சொல்வது போலப் பேச்சுக் குரலில் சொல்லச் சொல்லுங்கள். ழகரம் ளகரமாக வரும். அந்த நேரத்தில் பிடித்து நிறுத்தாமல், வரியைப் பார்த்து நோட்டில் நகல் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மறக்காமல் இருக்க ஒரு டப்பா போதும். பழைய ஸ்வீட் பாக்ஸில் அட்டை வைத்து நாலு அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள்: தினமும், ஒன்றுவிட்டு ஒரு நாள், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை. கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தைச் சீட்டாக வெட்டி, சீட்டுக்கு ஒரு வரி எழுதுங்கள். மூன்று வகுப்பு நாளுக்கு ஒரு புது வரி. புதுச் சீட்டு ஐந்து நாள் முதல் அறையில் இருக்கும். பிறகு மூன்று வாரம் இரண்டாவதில். பிறகு இரண்டு மாதம் மூன்றாவதில். அதன்பின் கடைசி அறையில். எங்கே மறந்தாலும் சீட்டு மறுபடி முதல் அறைக்கு வந்துவிடும். இப்படி நடத்தினால் ஒரு நாளைக்கு எட்டுச் சீட்டைத் தாண்டாது, பத்து நிமிடத்தில் முடியும். 40 வரிக்கு 120 வகுப்பு நாள் ஆகிறது. புயல் விடுமுறை, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு, பள்ளித் தேர்வு எல்லாம் போனாலும் ஒரு வருடத்தில் அவ்வளவு நாள் கிடைத்துவிடும். முதல் அறையில் நாலு சீட்டுக்கு மேல் சேர்ந்தால் வேகம் அதிகம் என்று பொருள். புது வரியை நிறுத்துங்கள்.

வரிக்குப் பொருள் உங்கள் கரையிலேயே கிடைக்கிறது. 'பருவத்தே பயிர் செய்' என்று சொல்லிவிட்டு வயலைத் தேடிப் போகவேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போவதில்லை, ஏன் என்று கேளுங்கள். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். 'நீர் விளையாடேல்' சிக்கலான வரி. "எங்கப்பா தினமும் தண்ணியிலதான் டீச்சர் இருக்காரு" என்று எழுந்து சொல்வார்கள். அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள். கேள்வியை அவர்களிடமே திருப்பலாம்: வாடைக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) எப்படி இருக்கும்? தென்கடல் (மன்னார் வளைகுடா) எந்த மாதத்தில் முரண்டு பிடிக்கும்? பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் அப்பா என்ன செய்வார்? கடலைப் பிழைப்பாகக் கொண்டவர்கள்தான் அதனிடம் விளையாடாதவர்கள் என்பது அவர்கள் பதிலிலேயே வந்துவிடும், நீங்கள் சொல்லவேண்டியதில்லை.

மூதுரையில் உங்கள் ஊருக்கென்றே எழுதியது போல ஒரு பாட்டு:

மடல்பெரிது தாழை மகிழினிது கந்தம்
உடல்சிறியர் என்றிருக்க வேண்டா – கடல்பெரிது
மண்ணீரும் ஆகா ததனருகே சிற்றூறல்
உண்ணீரும் ஆகி விடும்.

இதை ஐந்து நாளில் எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன்; மற்றப் பாட்டுகளுக்கும் இதே நடைதான். முதல் நாள் பாட்டே வேண்டாம். ஊற்றைப் பற்றிப் பேசுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்கு இத்தனை பக்கத்தில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது? மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அதனால்தான் கொஞ்சம் தோண்டினால் இனிப்பு, ஆழம் போனால் கரிப்பு. ஒரு கண்ணாடி டம்ளரில் உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றி, அதன்மேல் மஞ்சள் கலந்த நல்ல தண்ணீரைக் கரண்டி முதுகில் மெதுவாக வழியவிட்டால் அடுக்கு நிற்பதைக் கண்ணால் காட்டலாம். அவசரமாக ஊற்றினால் கலந்துவிடும், இரண்டு டம்ளர் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள், பாட்டின் பின்பாதியை முதலில் எடுங்கள். 'கடல்பெரிது, மண்ணீரும் ஆகாது, அதனருகே சிற்றூறல் உண்ணீரும் ஆகிவிடும்.' மண்ணீர் என்றால் குளிக்கிற, கழுவுகிற தண்ணீர் என்ற ஒரு பொருள் சொன்னால் போதும், மற்றது தானாக விளங்கும். மூன்றாம் நாள் முன்பாதி: கரையோரத் தாழை மடல் ஒன்றையும் மகிழம்பூ கிடைத்தால் நாலைந்தையும் கையில் கொடுங்கள். எது பெரிது, எது மணக்கிறது? தாழம்பூவும் மணக்குமே என்று ஒரு பிள்ளை சண்டைக்கு வரும், வரட்டும். நாலாம் நாள் நூலைப் பார்க்காமல் தன் சொல்லில் சொல்வது. ஐந்தாம் நாள் நகல். அந்த வாரம் ஓதலைத் தொடங்கி வைக்கும் பொறுப்பை வகுப்பிலேயே சின்ன பிள்ளைக்குக் கொடுங்கள், காரணம் சொல்லாமல்.

காரியம் இல்லாமல் குணம் வராது. கட்டிக் கட்டியே கொத்தனார் ஆவது போல, நியாயமான காரியத்தைச் செய்து செய்தே ஒருவன் நியாயவான் ஆகிறான் என்று அரிஸ்டாட்டில் சொன்னதைத்தான் மேல்நாட்டுப் பழைய கல்வி முறையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனவே மாதத்துக்கு ஒரே ஒரு வரிக்கு வகுப்பில் ஒரு வேலை கொடுங்கள். 'செய்வன திருந்தச் செய்' என்றால் பாயைச் சுருட்டி விளிம்பு சரியாக நிறுத்துவது. 'இயல்வது கரவேல்' என்றால் பொதுப் பென்சில் பெட்டி: 30 பென்சில், நாலு ரப்பர், எடுத்தால் கோடு போட்டு, வைத்தால் அடித்துவிடும் ஒரு நோட்டு. 'கைவினை கரவேல்' என்றால் வெள்ளிக்கிழமை பத்து நிமிடம்: வலை முடிச்சுப் போடத் தெரிந்தவன் மற்றவர்களுக்குக் காட்டுவான், ஓலை முடையத் தெரிந்தவள் அடுத்த வாரம். வேலை வாரம் ஒருமுறை சுற்றவேண்டும், ஆண் பிள்ளைகளும் கூட்டவேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அம்மா விடிகாலையில் பாசி எடுக்கப் போய்விட்டால் வீட்டில் தம்பி தங்கையைப் பார்ப்பது ஒன்பது வயது அக்காதான். 'தந்தை தாய்ப் பேண்' என்று வீட்டு வேலையைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் சுமை மறுபடி அவள் தலையில் ஏறும். அந்த வரிக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதானால் பையன்களுக்குக் கொடுங்கள்.

நட்சத்திரம், பரிசு, 'இந்த வார நல்ல பிள்ளை' பட்டம் எதுவும் வேண்டாம். நாலே வாரத்தில் நல்ல காரியமெல்லாம் உங்கள் கண்ணுக்கு முன்னால் மட்டும் நடக்கத் தொடங்கும். "பாய் விளிம்பு நேராக இருக்கு" என்று காரியத்தைச் சொன்னால் போதுமானது.

பொய் சொல்லும் பையன் விஷயம். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். பென்சில் அவன் பையில் இருப்பது தெரிந்தும் "நீ எடுத்தியா?" என்று கேட்டால், பொய் சொல்ல நீங்களே வாசல் திறந்துவிடுகிறீர்கள், பயந்த பிள்ளை அதில்தான் நுழையும். தனியாகக் கூப்பிட்டு, "பென்சில் உன் பையில இருக்கு, பெட்டியில வச்சிட்டு வா" என்று மட்டும் சொல்லுங்கள். வைத்தபின் அன்றைக்கு அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. அவனாகவே ஒரு உண்மையைச் சொன்ன நாளில், அந்த உண்மைக்காக அவனுக்கு ஒரு தண்டனையும் வரக்கூடாது. பொருளைத் திருப்பித் தருவதோ உடைந்ததைச் சரிசெய்வதோ இருந்தால் அதை நீங்களும் கூட நின்று முடியுங்கள். 'எதற்கெடுத்தாலும்' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள். வீட்டைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பொய் வருகிறதா? அப்படியானால் அவன் எதையோ காப்பாற்றுகிறான். அது ஒழுக்கப் பாடத்தால் தீராது, அவன் அம்மாவிடம் மெதுவாகப் பேசிப் பார்க்கவேண்டும்.

கணக்குக் கேட்கும் பெற்றோர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 'எண் எழுத்து இகழேல்' என்றுதான் அந்த நூலே சொல்கிறது. 75 நிமிட வகுப்பு என்று வைத்துக்கொண்டால்: உட்கார்ந்து வருகை சொல்ல 5, ஓதல் 10, கதையும் திருப்பிச் சொல்லுதலும் 15, நகல் 15, கணக்கு 20, வகுப்பை ஒழுங்குபடுத்த 10. கணக்கில் வாய்ப்பாட்டோடு கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்குவதை வாயால் சொல்லவையுங்கள். பின்னம் அப்போது பயமுறுத்தாது. 5-ஆம் வகுப்புக்குப் பங்குக் கணக்கு கொடுங்கள். நாட்டுப்படகில் 4,200 ரூபாய்க்கு மீன். டீசல், ஐஸ் செலவு 700. மிச்சம் 3,500. படகுக்கும் வலைக்கும் சேர்த்து இரண்டு பங்கு, ஆட்கள் ஐந்து பேருக்கு ஆளுக்கு ஒன்று. ஏழு பங்கு, பங்குக்கு 500. (உங்கள் ஊர் வழக்கு வேறு என்றால் பங்கை மாற்றிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் உடனே திருத்துவார்கள்.) விடை வந்ததும் அடுத்த கேள்வி: ஐந்தாவது ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார், கடலுக்கு வரவில்லை. அவருக்குப் பங்கு உண்டா? பாதி உண்டா? அதை யார் பங்கிலிருந்து கொடுப்பது? 'ஒப்புரவு ஒழுகு' என்ற வரியை அப்போது எடுத்துப் போடத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் டப்பாவிலிருந்து அந்தச் சீட்டு தானாக வரும்போது யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

நகல் எழுத இரட்டைக் கோடு நோட்டு. ஒன்றாம் வகுப்புக்கு ஒரு வரி ஒரே தடவை, 2, 3-க்கு இரண்டு வரி, 4, 5-க்கு ஒரு பாட்டு அல்லது இரண்டு குறள். பத்துத் தடவை எழுதச் சொன்னால் மூன்றாவதிலிருந்து எழுத்து கெட்டுப்போகும், பிழையும் பத்துத் தடவை பழகும். ஒரு தடவை, திருந்த. பிழை இருந்தால் அந்தச் சொல்லை மட்டும் மறுபடி. ர, ற குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் இந்த நோட்டில்தான் தீரும். மேலே தேதி போடச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்துப் பெற்றோரைக் கூப்பிட்டு, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் 'பாட்டு' புகார் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

குணத்துக்குப் பரீட்சை வைக்கமுடியாது, மதிப்பெண் போடவும் கூடாது. உங்களுக்கென்று ஒரு நோட்டு வைத்து, நாளைக்கு இரண்டு பிள்ளையை மட்டும் கவனித்து, பார்த்த காரியத்தை ஒரு வரி எழுதுங்கள்: 'தண்ணீர்ப் பானையை மூட மறந்தான், பாதி வழி போய்த் திரும்பி வந்து மூடினான்.' 24 பேருக்கு 12 நாள் ஆகும். 60 வகுப்பு நாளில் ஒவ்வொருவருக்கும் ஐந்து வரி சேரும். அதற்குள் சண்டையின் எண்ணிக்கை குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் குறைவது சண்டை ஓய எடுக்கும் நேரம். செருப்பை அடுக்கி முடிக்கும் முன்பே இருவரும் பேசத் தொடங்குகிறார்களா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவேண்டாம். முதல் வாரம் செருப்புக் கட்டமும் சீட்டு டப்பாவும். இரண்டாம் வாரம் கதை. மூன்றாம் வாரம் நகல் நோட்டு. அடுத்த மாதம் சுற்று வேலை. ஜூனில் புதுப் பிள்ளைகள் சேர்ந்தால் வரி நன்றாகத் தெரிந்த பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள், முதல் இரண்டு வாரம் அவர்களைத் தனியாக ஓதச் சொல்லாதீர்கள். எண்ணிக்கை 30-ஐத் தாண்டினால் 1, 2-ஆம் வகுப்பை அரை மணி நேரம் முன்னதாக வரவழைத்து அவர்களை முதலில் அனுப்பிவிடுங்கள். கதையைத் திருப்பிச் சொல்ல எல்லாருக்கும் முறை வர வேறு வழி கிடையாது.